உட்கார ஒரு ஸ்டூல்... சலுகை இல்லை, உரிமை!

ஜவுளிக்கடையில் நாம் ஹாயாக உட்கார்ந்துகொண்டு, நாற்பது புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்கிறோம். எடுத்துப் போடுகிற பெண், கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ராத்திரி வீட்டுக்குப் போனதும், "கால் விண்ணு விண்ணுனு தெறிக்குதும்மா" என்பாள். இது வெறும் அசதி இல்லை.

காலில் என்ன நடக்கிறது?

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் உள்ள ரத்தத்தை பம்ப் மாதிரி இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த பம்ப் சரியாக வேலை செய்யாது. ரத்தம் தேங்கும். சாயங்காலம் பாதம் வீங்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் சிரைகளில் உள்ள வால்வுகள் பழுதாகி, 'நரம்பு சுருட்டல்' என்று நாம் சொல்கிற வெரிகோஸ் வெயின் வரலாம். இடுப்புவலி, குதிகால்வலி வேறு!

சட்டம் என்ன சொல்கிறது?

நின்றபடி வேலை செய்கிற ஆலைத் தொழிலாளிக்கு உட்கார வசதி தரணும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியர்கள்தான் ரொம்ப காலம் காத்திருந்தார்கள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியபின் 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை தருவது முதலாளியின் கடமை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

கடை வைத்திருக்கிறீர்களா?

* ஸ்டூல் கோடவுனில் கிடந்தால் பிரயோஜனமில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் படணும்.

* அடிக்கடி எடுக்கிற சரக்கை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளில் அடுக்குங்கள். குனிந்து, எம்பி எடுப்பது குறையும்.

* உட்கார்ந்தவரை முறைக்காதீர்கள். முறைத்தால் ஸ்டூல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நின்று வேலை பார்ப்பவரா?

* ஒரு சின்ன மணைப்பலகை மேல் கால்களை மாற்றி மாற்றி வையுங்கள்.

* அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஹைஹீல்ஸ் வேண்டாம்.

* வீட்டுக்கு வந்ததும் தலையணை மேல் காலை உயர்த்திக் கொஞ்ச நேரம் படுங்கள்.

* ஒரே காலில் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால், தைலம் தேய்த்து நீவ வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேட்டும் இருக்கை தரவில்லையா? தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஸ்டூல் வாங்குவது ஒரு தடவைச் செலவு. பழுதான சிரை வால்வு தானாகச் சரியாகாது.