வயற்பாதைக்கு உமிச்சாம்பல்

கமக்காரரே! மாரியில் உழவு இயந்திரம் அச்சுவரை புதையும் பாதையால் நெல்லை வீடு சேர்ப்பதன் இடரை நீங்கள் அறிவீர்கள். முருங்கன் போன்ற கருங்களி நிலங்களில் மேலே எத்துணை கிறவல் கொட்டினும் பயனில்லை, குற்றம் அடிமண்ணிலுள்ளது. அது நீருண்டு பொங்கும், கோடையில் வெடிக்கும்.

நெல்லாலைகளில் கழிவாய்க் குவியும் உமியை எரித்த சாம்பலிற் பெரும்பங்கு சிலிக்காவாகும். அது நீறிய சுண்ணாம்புடன் சேர்ந்து, ஈரத்தில் நாளடைவில் சீமெந்துபோல் இறுகும். சாம்பல் தனியே இறுகாது. கரி மிகுந்த கருஞ்சாம்பலிலும் வெண்சாம்பலே நன்று.

ஆவணியில் பாதையின் மேல் 6 அங்குல மண்ணைக் கொத்திப் பொடியாக்குக. நிறையில் 100 பங்கு மண்ணுக்கு 5 பங்கு சுண்ணாம்பும் 10 பங்கு சாம்பலும் கலந்து, கையாற் பிடித்தால் உருண்டையாகும் அளவே நீர் தெளித்து, அன்றே திமிசால் இறுக்குக. சுண்ணாம்பு கண்ணிற் படலாகாது. 7 நாள் ஈரங்காத்து, வண்டி விடாதிருந்து, பின்னரே கிறவல் பரப்புக. முதலில் 10 முழத்திற் செய்து, ஒரு மாரி பார்த்தபின் முழுப்பாதையிற் கைவைத்தல் அறிவுடைமை. இருபுறமும் வாய்க்கால் வெட்டாவிடின் இவ்வளவும் வீணாகும்.