கழுத்தையும் அறுப்பதா, காத்திருப்பதா?

எண்ணூர், திருவொற்றியூர், காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து நம் கல்லூரிக்கு வருவோர் பலர். பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்த பிறகு, கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கண் விழித்து வேலை செய்வோர் பலர் தூக்கத்தை விரட்ட வாயில் அடக்கிக்கொள்வது மாவா. சீவல், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்துத் தேய்த்த கலவை அது. குட்கா, பான்மசாலா விற்பனையைத் தமிழக அரசு 2013இல் தடை செய்தது. ஆயினும் பொட்டலம் கைமாறுவது நின்றபாடில்லை. புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கை மென்றால் தீங்கில்லை என்று எண்ணுவோரும் உளர். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வரையறுத்துவிட்டது.

இப்பழக்கத்தால் உட்கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ புற்று தோன்றினால், தொடக்க நிலையில் அதை அறுத்து அகற்றுவதே முதன்மையான மருத்துவம். இதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் வாயில் இல்லை, கழுத்தில் இருந்தது. வாய்ப்புற்று முதலில் பரவும் இடம் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள். "நெறி கட்டியிருக்கிறது" என்று நாம் சொல்லுகிறோமே, அந்தக் கணுக்களேதான். கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாத கழுத்திலும் நோயின் நுண்துகள்கள் ஒளிந்திருக்கக்கூடும். அப்படியானால் வாயை அறுக்கும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிடுவதா? அன்றிக் கணு வீங்கும்வரை காத்திருந்து, வீங்கினால் மட்டும் எடுப்பதா?

எடுத்துவிடலாமே, அதில் என்ன தயக்கம் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1906இல் விளக்கிய கழுத்தறுவை மிகக் கடுமையானது. கணுக்களோடு கழுத்துத் தசை, பெரிய சிரை, தோளை உயர்த்தும் நரம்பு ஆகியவற்றையும் அது கொண்டுபோயிற்று. பிற்காலத்தில் நரம்பைக் காத்துக்கொண்டு, தேவையான கணுக்களை மட்டும் எடுக்கும் முறை வளர்ந்தது. எனினும் தோள் வலியும் கை தூக்க இயலாமையும் சிலருக்கு நேரவே செய்கின்றன. எழுத்து வேலை பார்ப்பவருக்கு அது தொல்லை. வலை இழுப்பவருக்கும் மூட்டை சுமப்பவருக்கும் அதுவே பிழைப்பு. கழுத்தில் நோயே இல்லாத ஒருவருக்கு இவ்வறுவையைச் செய்தால், காரணமின்றி அவர் தோளைக் கெடுத்ததாகும். நோய் ஒளிந்திருப்பவரைக் காத்திருக்கச் சொன்னாலோ, அவர் உயிரோடு விளையாடியதாகும். இருவரில் யார் எவர் என்பது அறுப்பதற்கு முன் தெரியாது.

யான் புள்ளியியல் பயில்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இவ்வினா நீண்ட காலம் விடையின்றிக் கிடந்ததற்குக் காரணம் புள்ளியியலே என்பதால் எழுதத் துணிந்தேன். பிரான்சு நாட்டில் 75 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1980இல் வெளியாயிற்று. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நாக்குப்புற்று நோயாளிகள் 70 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. இரண்டும் இருமுறைகளுக்கிடையே உறுதியான வேறுபாட்டைக் காட்டவில்லை. வேறுபாடே இல்லை என்று அதற்குப் பொருளன்று. எழுபது பேரை இரு கூறாக்கினால் ஒரு பக்கத்துக்கு முப்பத்தைந்து பேர். அத்தனை சிறிய தராசில் உண்மையான வேறுபாடும் தற்செயல்போலவே தோன்றும். வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் 'மாதிரியின் அளவு' என்னும் பாடம் இங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

அதே டாட்டா மருத்துவமனையில், அனில் டிக்ரூஸ் தலைமையில் 2004இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத புற்றும், கணு தட்டுப்படாத கழுத்தும் உடையவர்களையே சேர்த்தனர். யாருக்கு எம்முறை என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்தனர். மருத்துவர் விருப்பத்திற்கு விட்டிருந்தால், உடல் வலுவுள்ளோர் ஒரு பக்கமும் நலிந்தோர் மறுபக்கமும் சேர்ந்து முடிவு திரிந்திருக்கும். 2014 வரை 596 பேர் சேர்ந்தனர். முதல் 500 பேரின் விவரங்களைக் கணக்கிட்டபோதே முடிவு தெளிவாகிவிட்டது. கழுத்தையும் உடனே அறுத்தவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்ந்தோர் 80 விழுக்காடு; காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காடு. இறந்தோர் முன்னதில் 245 பேரில் 50. பின்னதில் 255 பேரில் 79. எட்டுப் பேருக்குக் கழுத்தறுவை செய்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது என்பது கணக்கு. இது தெரிந்த பின்னும் சிலரைக் காத்திருக்க வைப்பது அறமன்று எனக் கண்காணிப்புக் குழு கருதியதால், ஆய்வை முன்கூட்டியே முடித்தனர். 2015இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வெளியாகி, பல நாட்டு மருத்துவரும் கைக்கொள்ளலாயினர்.

காத்திருந்தவர்கள் ஏன் தோற்றனர்? பின்னர் கணு வீங்கி வந்தபோது நோய் முற்றியிருந்தது. கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவந்ததும் உண்டு. இன்றொரு துறைமுகம், நாளையொரு துறைமுகம் என அலையும் ஓட்டுநரைக் குறித்த நாளில் மறுசோதனைக்கு வரச் சொன்னால் வருவாரா என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். புற்று மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நின்றவர்களிடம் கழுத்தறுவையின் பயன் தெளிவாகத் தெரியவில்லை. இராயபுரம் பக்கத்திலுள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ எவ்வளவு முன்னதாகப் போகிறோம் என்பதில் கழுத்தின் விதியும் அடங்கியிருக்கிறது. மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழைய முடியாதபடி வாய் சுருங்குதல் ஆகியவை கண்ணாடி முன்னின்று நாமே காணத்தக்கவை.

ஆனால் உடனே அறுத்த கழுத்துகளில் நோய் ஒளிந்திருந்தது ஏறத்தாழ முப்பது விழுக்காட்டில்தான். எஞ்சிய எழுபது பேரின் தோளை எவ்வாறு காப்பது? அண்மை ஆய்வுகள் இவ்வினாவையே பற்றியுள்ளன. புற்றைச் சுற்றிச் சிறிது கதிரியக்கப் பொருளை ஊசியால் ஏற்றினால், அது முதலில் சென்றடையும் கணு எதுவென்று கருவி காட்டும். அக்கணுவை மட்டும் எடுத்துச் சோதித்து, அது தூய்மையாக இருந்தால் கழுத்தை விட்டுவிடுவர். பிரான்சில் 2020இலும் சப்பானில் 2021இலும் வெளியான ஆய்வுகள், இம்முறை முழுக் கழுத்தறுவைக்குக் குறைந்ததன்று எனக் காட்டின. முதல் ஆறு மாதங்களில் தோளின் நிலை இதில் நன்றாக இருந்தது என்பது பிரெஞ்சு ஆய்வின் செய்தி. இதற்கு அணு மருத்துவப் பிரிவும், கதிரை உணரும் கருவியும், கணுவை நுணுகி ஆராயத்தக்க நோயியல் வல்லுநரும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத மருத்துவமனையில் டாட்டா ஆய்வு காட்டிய வழியே இன்றும் வழி.