'யீ'யா, 'தி'யா? ஓர் ஆங்கில எழுத்து மறைந்த கதை

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் ஒரு பழங்காலக் கடையின் படம். பெயர்ப்பலகையில் 'யீ ஓல்ட் ஷாப்' என்று இருந்தது. முதல் சொல்லில் ஒய், ஈ என்று இரண்டே எழுத்துகள்.

"சார், 'யீ'ன்னா 'நீங்கள்'னு செய்யுள் பாடத்துல சொன்னீங்க. அப்போ இது 'நீங்கள் பழைய கடை'யா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "பழைய ஆங்கிலம் அப்படித்தாம்மா இருக்கும், உட்காரு" என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை அகராதியைப் புரட்டியபோதுதான் புரிந்தது. அவள் கேட்டது சரியான கேள்வி. என்னிடம்தான் பதில் இல்லை.

எழுத்து

பழைய ஆங்கிலத்தில் 'தோர்ன்' என்றோர் எழுத்து இருந்தது. அந்தப் பெயருக்கு 'முள்' என்று பொருள். ரோமன் எழுத்துகளுக்கு முன்பு வழங்கிய ரூனிக் எழுத்துகளிலிருந்து வந்தது அது. சிறிய 'பி' எழுத்தின் தண்டை மேலேயும் நீட்டினால் அதன் வடிவம் கிடைக்கும். இன்று டி, எச் சேர்த்து எழுதும் ஒலியை அந்த ஓர் எழுத்தே குறித்தது. ஐஸ்லாந்து மொழியில் அது இன்றும் புழக்கத்தில் உள்ளது.

கையால் எழுதி எழுதி, அதன் வயிற்றுப் பகுதி மேலே திறந்துகொண்டது. நாளடைவில் பார்ப்பதற்கு 'ஒய்' போலவே ஆகிவிட்டது. 'தி' என்ற சொல்லைச் சுருக்கி எழுத, தோர்ன் எழுத்தின் தலையில் ஒரு சிறிய 'ஈ' போடும் வழக்கமும் இருந்தது.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். தொடக்ககால அச்செழுத்துகள் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றில் தோர்ன் இல்லை. டி, எச் என்ற இரட்டை எழுத்து ஏற்கெனவே அதன் இடத்தைப் பிடித்து வந்தது. சுருக்கி அச்சிட வேண்டிய இடங்களில் மட்டும், உருவத்தில் நெருங்கிய 'ஒய்' எழுத்தைக் கோத்தார்கள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியப் பதிப்பிலும் சில இடங்களில் இந்தச் சுருக்கம் உண்டு. எழுதியது ஒய், வாசித்தது 'தி'.

பொருள்

ஆகவே அந்தப் பலகையின் பொருள் 'அந்தப் பழைய கடை' என்பதுதான். 'நீங்கள்' என்று பொருள்படும் 'யீ' வேறு சொல். அதில் உள்ளது உண்மையான ஒய் ஒலி. எழுத்துக்கூட்டல் ஒன்றாகிப் போனதால் வந்த குழப்பம் இது.

'ஓல்ட்' சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஈ' எழுத்துக்கும் வரலாறு உண்டு. சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் அது ஒலிக்கப்பட்டது. பின்னர் ஒலி தேய்ந்து, எழுத்தும் உதிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பழமைத் தோற்றம் தருவதற்காகக் கடைக்காரர்கள் இந்த இரண்டு வடிவங்களையும் பலகையில் ஏற்றினார்கள். அதற்குள் தோர்ன் மறந்துபோயிருந்தது. மக்கள் 'யீ' என்றே வாசிக்கத் தொடங்கினர். இன்று அந்த உச்சரிப்பே பரவலாகிவிட்டது.

வகுப்பறையில்

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, "நேத்து நான் சொன்னது தப்பும்மா. நீ கேட்டதுதான் சரி" என்று வகுப்பின் முன் சொன்னேன். தோர்ன் எழுத்தைக் கரும்பலகையில் வரைந்து, அதன் வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துத் திறந்தேன். நான்காவது படத்தில் 'ஒய்' வந்ததும் மாணவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிறகு நூலகத்திலிருந்து பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானது. தும்பிக்கை போட்ட 'லை', 'னை' எழுத்துகளைப் பார்த்துச் சிலர் திணறினர். எழுத்தின் உருவம் மாறலாம், ஒலி அப்படியே இருக்கலாம் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவி இப்போது வாரம் ஒரு சொல்லோடு வருகிறாள். பதில் தெரியாதபோது, "நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்கிறேன். "உட்காரு" என்று சொல்வதில்லை.