மேலத்தெரு உயர்ந்ததும் அல்ல, கீழத்தெரு தாழ்ந்ததும் அல்ல

நம்பிக்கை: உயர்ந்த சாதியினர் குடியிருந்ததால் மேலத்தெரு, மற்றவர்கள் குடியிருந்ததால் கீழத்தெரு.

உண்மை: இரண்டும் திசைப் பெயர்கள். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு மேற்கே மேலமாசி வீதி, கிழக்கே கீழமாசி வீதி; மற்ற இரண்டு பக்கமும் வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி. நான்கையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். அம்மன் சன்னதிக்குப் போகும் வாசல் திறப்பது கீழச்சித்திரை வீதியில். கீழ என்பது தாழ்வைக் குறித்திருந்தால், அம்மன் வாசலுக்கு எதிரே உள்ள வீதிக்கு அந்தப் பெயரை யார் வைத்திருப்பார்கள்? சோழர் காலத்து நிலதானச் சாசனங்களும் கீழ்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்றே நிலத்தின் நான்கு எல்லைகளைக் குறிக்கின்றன. பிராமணர்களுக்குப் பிரம்மதேயமாகக் கொடுத்த ஊருக்கும் ஒரு கீழ்பாற்கெல்லை உண்டு.

ஊர்கள் சாதியால் பிரிந்து கிடந்ததும் கிடப்பதும் பொய்யல்ல. தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத கொடுமையும் பொய்யல்ல. அந்தக் கொடுமைக்குச் சான்றுகள் ஏராளம். தெருப்பெயரை அந்தச் சான்றுகளோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால், கீழத்தெருவில் பிறந்த ஒரு குழந்தை தன் முகவரியையே இழிவாக எண்ணத் தொடங்கும். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நம்பிக்கை: சூரியன் மேலே எழும் திசை கிழக்கு. அதற்குக் ‘கீழ்’ என்ற சொல்லிலிருந்து பெயர் வந்திருக்க முடியாது.

உண்மை: கன்னடர் சூரியனைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்தார்கள். ஞாயிறு எழும் பக்கம் மூடல், படும் பக்கம் படுவல். தமிழர் நிலத்தைப் பார்த்து வைத்தார்கள். நம் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி வங்கக் கடலை நோக்கிச் சரிகிறது. கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. திருச்சி 100 மீட்டரைக்கூட எட்டவில்லை. நாகப்பட்டினம் சில மீட்டர்தான். காவிரி, வைகை, தாமிரபரணி மூன்றுமே மேற்கே பிறந்து கிழக்கே போகின்றன. தண்ணீர் வரும் பக்கம் மேல், போகும் பக்கம் கீழ். வாய்க்கால் வெட்டி வாழ்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. இன்றும் தென்மாவட்டத்துச் சம்சாரி ‘மேக்க மழை’ என்று சொன்னால், ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது என்றும் அதற்குப் பொருள்.

மலையைத் தாண்டினால் இது தலைகீழாகிறது. கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே, கடல் இருப்பது மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் மலைப் பக்கத்துக்குப் பெயர் கிழக்கு! மேற்கை ஞாயிறு படும் திசை என்ற பொருளில் படிஞ்ஞாறு என்கிறார்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இதைக் கவனித்திருக்கிறார். மலைக்குக் கிழக்கே உருவான சொல் மலையைக் கடந்து அங்கே போயிருக்கிறது என்பது அவர் வாதம். கிழக்கு என்ற சொல் எந்த மண்ணில் பிறந்தது என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்றை நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை: மேலைநாடு என்றால் உயர்ந்த நாடு, அந்தச் சொல் நம் அடிமைப் புத்தி.

உண்மை: மேற்கே உள்ள நாடு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதேபோல, கிழக்கே இருந்த வேங்கி நாட்டை ஆண்டவர்களைக் கீழைச் சாளுக்கியர் என்கிறோம். அந்தக் குலத்தில் பிறந்த முதலாம் குலோத்துங்கன்தான் 1070-இல் சோழ அரியணை ஏறினான். அவனைத் தாழ்ந்தவன் என்று யாரும் படிப்பதில்லை.

நம்பிக்கை: அப்படியானால் பெயரில் மேல், கீழ் வந்தால் எல்லாமே திசைதான்.

உண்மை: அதுவும் சரியல்ல. கொடைக்கானல் பக்கத்தில் பூம்பாறையும் மன்னவனூரும் மேல்மலை. பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் கீழ்மலை. அங்கே உண்மையான உயரமே பேச்சு. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய இரண்டு அணைகளில் முக்கொம்பில் இருப்பது மேலணை, அணைக்கரையில் இருப்பது கீழணை. ஆறு கிழக்கே ஓடுவதால் அங்கே நீரோட்டமும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே பெயரை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது; இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திசைகளை நடத்தும் நாளில் பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப் போங்கள். மேலத்தெரு எந்தப் பக்கம், கீழத்தெரு எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.