பயிற்சி கொடுக்கப் போகும் மகளுக்கு

அருப்புக்கோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஸ்மார்ட் போர்டு பயிற்சிக்கு உன்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னான். ரொம்பச் சந்தோஷம். பாளையம்பட்டி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பாடம் நடத்தியவன் என்கிற உரிமையில் சிலது சொல்கிறேன்.

எதை அழுத்தினால் எது திறக்கும் என்பதிலேயே பொழுதைக் கழித்துவிடாதே. இளையவர்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மூத்த ஆசிரியர்களுக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காட்டிக்கொடு.

2020இல் ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி தீக்ஷா இணையதளத்துக்கு வந்ததால் வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது. நல்ல வசதிதான். ஆனால் காணொளி ஓடி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதால் மட்டும் வகுப்பறை மாறிவிடாது. ஆசிரியர் தன் வகுப்பைத் தானே கேட்க வேண்டும். அதற்குச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கும் போனே போதும். பத்து நிமிடப் பாடத்தைக் குரலாகப் பதிந்து வரச் சொல்.

"72இல் 38 போனால் எவ்வளவு?" என்று டீச்சர் கேட்பார். கடைசி வரிசைப் பிள்ளை விரல் மடக்கத் தொடங்குவதற்குள் "34" என்று அவரே சொல்லிவிடுவார். பாடம் நடத்தும்போது இது தெரியாது. பதிவைக் கேட்டால் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஒலிநாடாக்களைக் கேட்டு இதைக் கண்டார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். 3 விநாடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

அந்தப் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதே, அதிகாரிக்கும் அனுப்பச் சொல்லாதே. அது அந்த ஆசிரியருக்கு மட்டும் உரியது. பயம் இருந்தால் யாரும் உண்மையான வகுப்பைப் பதிய மாட்டார்கள்.

இன்னொன்று. பாடநூலில் இருக்கும் கியூஆர் கோடை வீட்டுப்பாடமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல். பட்டாசு ஆலைக்குக் காலையில் வேன் ஏறும் தாய் தகப்பன் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பது உனக்கே தெரியும். போன் இருக்கிற வீட்டிலும் அது பிள்ளை கைக்கு வருவது சந்தேகம். காணொளியை முதல் நாளே இறக்கி வைத்து, வகுப்பில் காட்டி, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்கு.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு எல்லோரும் இரண்டாவது பதிவோடு வரட்டும். முதல் பதிவைவிட அதில் பிள்ளைகளின் குரல் கூடுதலாகக் கேட்டால், உன் பயிற்சி பலித்தது என்று வைத்துக்கொள்.

நன்றாகச் செய்வாய்.

ஆசிகளுடன்,
பெரியப்பா