அமிலம் இரண்டு மடங்கு, சூடு மட்டும் ஏன் அதே அளவு?

கேள்வி: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே அடர்வுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. இரண்டையும் தெர்மோகோல் கப்பில் கலந்தோம். வெப்பநிலை 6.5 டிகிரி ஏறியது. இரண்டையும் 100 மி.லி. ஆக்கினால் 13 டிகிரி ஏறும் என்று நினைத்தேன். அப்போதும் ஏறக்குறைய 6.5தான்! மீதி வெப்பம் எங்கே போனது?
– பிளஸ் ஒன் மாணவி

பதில்: அளவை மாற்றிப் பார்க்கத் தோன்றியதே, அதற்கே பாராட்ட வேண்டும். வெப்பம் எங்கும் போகவில்லை, கப்பிலேயேதான் இருக்கிறது.

தெர்மாமீட்டர் வெப்பத்தை அளக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது காட்டுவது வெப்பநிலையை மட்டுமே. ஒரு டம்ளர் வெந்நீரும் ஓர் அண்டா வெந்நீரும் ஒரே 60 டிகிரியில் இருக்கலாம். ஆனால் அண்டாவுக்கு எரித்த விறகு எத்தனை மடங்கு!

வெப்பத்தைக் கணக்கிட மூன்றைப் பெருக்க வேண்டும்: கரைசலின் நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை உயர்வு. தன்வெப்ப ஏற்புத்திறன் என்றால் ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம். நீருக்கு அது 4.18 ஜூல், நீர்த்த கரைசலுக்கும் அதையே கொள்ளலாம்.

முதல் முறை: 100 × 4.18 × 6.5 = 2,717 ஜூல்.
இரண்டாம் முறை: 200 × 4.18 × 6.5 = 5,434 ஜூல்.

வெப்பம் இரட்டித்துதான் இருக்கிறது. சூடேற வேண்டிய கரைசலும் கூடவே இரட்டித்துவிட்டதால், ஒவ்வொரு கிராமுக்கும் கிடைத்த பங்கு மாறவில்லை.

இந்த வெப்பம் பிறப்பது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் காரத்தின் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராகும்போது. ஒரு மோல் நீர் உருவானால் சுமார் 57 கிலோஜூல் வெளிவரும். உங்கள் முதல் சோதனையில் உருவானது 0.05 மோல், ஆகவே 2,850 ஜூல் கிடைத்து, வெப்பநிலை 6.8 டிகிரி ஏறியிருக்க வேண்டும். குறைந்த அந்தக் கொஞ்சத்தைப் பெரும்பாலும் கப்பும் தெர்மாமீட்டரும் சுற்றியுள்ள காற்றும் எடுத்துக்கொண்டிருக்கும். கப்பை மூடி வைத்தால் இழப்பு குறையும்.

13 டிகிரி ஏற்றிப் பார்க்க ஆசையா? அளவைக் கூட்டாதீர்கள், அடர்வைக் கூட்டுங்கள். இரண்டையும் 2 மோலாராக, தலா 50 மி.லி. எடுத்தால் வெப்பம் இரட்டிக்கும். நிறை ஏறக்குறைய அதேதான். ஆசிரியர் அருகில் இருக்கும்போது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள். கணக்கில் நிறை என்ற இடத்தில் அமிலத்தின் 50 கிராமை மட்டும் எழுதிவிடாதீர்கள்; சூடானது மொத்தக் கரைசல், 100 கிராம்.