தெரியாத மை, ஒளிரும் தாள்

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத மை என்று ஒரு புட்டி வாங்கி என் மைப்பேனாவில் நிரப்பினேன். நோட்டில் எழுதிவிட்டு யூ.வி. டார்ச் அடித்தால் பக்கம் முழுவதும் நீலமாக ஒளிர்கிறது. எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. மை போலியா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: மை நல்ல மையாகத்தான் இருக்கும். உங்கள் நோட்டுத் தாளைக் கவனியுங்கள். இன்று விற்கும் வெள்ளைத் தாள்களில் பெரும்பாலானவற்றில் வெளுப்பூட்டும் ரசாயனம் ஒன்று சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி, தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. கூழின் மஞ்சள் சாயல் அந்த நீலத்தில் அடங்கிப்போய், தாள் பளிச்சென்று தெரியும். பால் கிரைஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1929இல் குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு லினன் துணியை இப்படி வெளுக்கவைத்துக் காட்டினார். இன்று சலவைத் தூளிலும் இந்த வகை ரசாயனம் உண்டு. துவைத்த வெள்ளைச் சட்டை மேல் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். நீலமாக ஒளிரும் நிறமற்ற மையும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. பட்டப்பகலில் ஏற்றிய அகல்விளக்கு மாதிரி, ஒளிரும் தாளில் ஒளிரும் எழுத்து காணாமல் போகிறது.

தாளை மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது டார்ச்சையும் எடுத்துச் செல்லுங்கள். ஒளிராமல் மங்கலாக நிற்கும் தாள்தான் உங்களுக்கு வேண்டியது. பழுப்பு உறை, செய்தித்தாள், வெளுப்பூட்டி சேர்க்காத ஓவியத் தாள் ஆகியவற்றில் எழுத்து எடுப்பாகத் தெரியும். ரூபாய் நோட்டிலும் இதே ஏற்பாடுதான். தாள் மங்கி நிற்பதால்தான் அதன் எண்வரிசையும் உள்ளே பதித்த இழைகளும் புற ஊதாவில் தனித்து ஒளிர்கின்றன.

அடுத்தது டார்ச். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நானோமீட்டர். அவை கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும். மெல்லிய ஒளிர்வு அதில் அமுங்கிவிடும். 365 நானோமீட்டர், முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி உள்ளது வாங்குங்கள். கண்ணில் படும்படி அடிக்காதீர்கள். கிருமி நீக்கப் பயன்படும் 254 நானோமீட்டர் விளக்கை இதற்குத் தொடவே வேண்டாம். கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

பேனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிப்புக்கு அடியில் உள்ள கட்டையில் பழைய மை ஒரு துளி தங்கியிருந்தாலும் தெரியாத மை தெரிந்த மையாகிவிடும். தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவுங்கள். முடிந்தால் இதற்கென்று தடித்த நிப் உள்ள பேனா ஒன்றை ஒதுக்குங்கள். எழுதும்போதே டார்ச்சை எரியவிட்டால் வரி மேல் வரி ஏறாது. முத்திரை குத்தவும் மார்க்கரில் அடைக்கவும் விற்கும் பாதுகாப்பு மைகளை மைப்பேனாவில் ஊற்றாதீர்கள். அவற்றில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரிக்கலாம், நிறமித் துகள் கட்டையை அடைக்கலாம். மைப்பேனாவுக்கென்றே தயாரித்த நீர் மையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் நூட்லர்ஸ் நிறுவனத்து ‘ப்ளூ கோஸ்ட்’ அப்படிப்பட்டது.

கேள்வி: இந்த மைகள் ஏன் எப்போதும் நீலமாகவே ஒளிர்கின்றன? சிவப்பு கிடையாதா?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு, ஆனால் பேனாவுக்கு ஏற்றதாகச் செய்வது கடினம். 1852இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் செய்த சோதனையை நினைத்தால் காரணம் புரியும். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, குயினைன் கரைசல் இருந்த குழாயை ஒவ்வொரு நிறமாக நகர்த்திக்கொண்டே போனார். சிவப்பிலும் பச்சையிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவையும் தாண்டி, வெளிச்சமே இல்லாததுபோல் தோன்றிய இடத்துக்குக் குழாய் போனபோது அது நீலமாக ஒளிர்ந்தது. உள்ளே போகும் ஒளியைவிட வெளியே வரும் ஒளிக்கு ஆற்றல் குறைவு, அலைநீளம் அதிகம் என்பது அவர் கண்டது. குயினைன் கலந்த டானிக் வாட்டர் கிடைத்தால் இதை நீங்களும் டார்ச்சில் பார்க்கலாம்.

மை நிறமற்றதாக இருக்க வேண்டுமானால் அது புற ஊதாவை மட்டும்தான் உறிஞ்சலாம். கொஞ்சம் ஆற்றலை இழந்து வெளிவிட்டால் அடுத்துள்ள நிறம் நீலம். சிவப்புக்குப் போக நெடுந்தூரம் தாண்ட வேண்டும். யூரோப்பியம் என்ற உலோகத்தின் சேர்மங்கள் அதைச் செய்யும்; சுமார் 615 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். பாதுகாப்பு அச்சு மைகளில் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அவற்றில் பல நீரில் எளிதாகக் கரையாதவை.

கேள்வி: என்னிடம் உள்ள சாதாரண மைகள் ஒளிருமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சில ஒளிரும். இளஞ்சிவப்பு மைகள் பலவற்றில் ரோடமைன், சிவப்பு மைகள் சிலவற்றில் இயோசின் என்ற சாயம் உண்டு. இரண்டும் நன்றாக ஒளிர்பவை. சாதாரண நீல மைகளின் சாயங்கள் பெரும்பாலும் ஒளிராமல் கறுத்து நிற்கும். மஞ்சள் ஹைலைட்டர் மைக்கு டார்ச்சே தேவையில்லை; பகலில் உள்ள நீல ஒளியே அதைத் தூண்டப் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: மை தேங்கிய இடத்தைவிட மெல்லிய கோடு பிரகாசமாக இருக்கும். சாயம் நெருக்கமாகச் சேர்ந்தால் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளிர்வை ஒன்று தின்றுவிடும். மங்கலாகத் தெரியும் ஒளிர்மையில் சில துளி தண்ணீர் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: தெரியாத மையில் நாட்குறிப்பு எழுதினால் பல ஆண்டு கழித்தும் படிக்கலாமா? தாத்தாவின் கடிதங்கள் மங்கிவிட்டன. அவற்றை இந்த டார்ச்சில் படிக்க முடியுமா?
– ஆசிரியை, மதுரை

பதில்: இரண்டாவது கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஒளிரும் சாயங்கள் வெளிச்சத்திலேயே சிதைபவை. நீங்கள் படிக்க அடிக்கும் டார்ச்சும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். ஒளிர்வு போனபின் வேறு அடையாளம் எதுவும் மிஞ்சாது. அது ரகசியத்துக்கும் உதவாது. டார்ச் வைத்திருக்கும் எவரும் படித்துவிடலாம். பிள்ளைகளோடு விளையாட, வாழ்த்து அட்டையில் ஒரு வரி ஒளித்துவைக்க மிக நல்ல மை. நினைவுகளை ஒப்படைக்க உகந்ததல்ல.

தாத்தாவின் கடிதங்களுக்கு வழி இருக்கிறது. பழைய நீலக்கறுப்பு மைகள் பல, இரும்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்தவை. அந்த மை ஒளிராது, புற ஊதாவை உறிஞ்சும். கண்ணுக்கு வெளிறித் தெரியும் எழுத்துகூட, லேசாக ஒளிரும் தாளின் மேல் கறுப்பாக எழுந்து நிற்கும். ஆர்க்கிமிடீஸின் நூல்கள் மீண்டதில் இந்தக் குணத்துக்குப் பெரும் பங்குண்டு. தோல் ஏட்டில் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய பிரதியை 13ஆம் நூற்றாண்டில் சுரண்டி, மேலே ஜெபப் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1906இல் ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டே அதில் பெரும்பகுதியைப் படித்தார். 1998இல் அந்த ஏடு நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போய், பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஆய்வுக்காக வந்தது. புற ஊதா உட்படப் பல நிற ஒளிகளில் படமெடுத்துச் சேர்த்தபோது அடியிலிருந்த கிரேக்க எழுத்து மேலெழுந்தது. அப்படியும் தெரியாத பக்கங்களில் எக்ஸ் கதிர் பாய்ச்சி, மையின் இரும்பைத் தேடினார்கள்.

உங்களுக்கு அவ்வளவு கருவி வேண்டாம். இரவில் அறையை இருட்டாக்கிக் கடிதத்தைத் தட்டையாக வையுங்கள். கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, 365 நானோமீட்டர் டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். வெறும் நீலச் சாய மையில் எழுதியிருந்தால் பலன் குறைவாகவே இருக்கும். இரும்பு மை என்றால் முதல் படத்திலேயே தெரிந்துவிடும். புற ஊதா தாளையும் நலிவிக்கும் என்பதால், ஒரு பக்கத்தைப் படமெடுத்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு, படிப்பதைப் படத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.